கண்ணாடியில் படிந்த செம்பு

ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், ரத வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில். கணவர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். வகுப்பு, வீடு, பஸ் என்று போன நேரம் போக மிச்சத்தில் முனைவர் பட்டத்துக்கான ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தேன். எங்கள் துறைத்தலைவர்தான் என் வழிகாட்டி. ராஜபாளையத்திலேயே பிறந்து வளர்ந்தவர், வீட்டில் தெலுங்கு பேசுபவர். ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. எல்லோருக்கும் அவர் மேடம்தான்.

என் ஆராய்ச்சி முழுவதும் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் நடந்தது. காற்றையெல்லாம் உறிஞ்சி வெளியே தள்ளிவிட்டுக் கொஞ்சம் ஆர்கான் வாயுவை விடுவோம். ஒரு முனையில் செம்புத் தகடு. அதுதான் கேத்தோடு, மின்சாரத்தின் எதிர்முனை. உயர் மின்னழுத்தம் கொடுத்ததும் உள்ளே இருக்கும் வாயு அயனிகளும் எலெக்ட்ரான்களுமாகப் பிரிந்து பிளாஸ்மாவாகி ஒளிரும். ஆர்கான் அயனிகள் பாய்ந்து வந்து தகட்டில் இடிக்கும். இடித்த வேகத்தில் செம்பு அணுக்கள் பெயர்ந்து அந்த ஒளிக்குள் வந்து விழும். அப்படி வந்த அணுக்கள் குழாய்க்குள் எப்படிப் பரவியிருக்கின்றன, எந்த இடத்தில் நெருக்கம், எந்த இடத்தில் கலைவு? இதுதான் என் கேள்வி.

கண்ணால் பார்த்தால் ஏமாந்துபோவோம். தகட்டை ஒட்டி ஓர் இருட்டுப் பட்டை இருக்கும். அதை அடுத்து இளம் பச்சை கலந்த பிரகாசம். பிறகு மறுபடி மங்கல், அதைத் தாண்டி ஊதா. வகுப்பில் காட்டினால் பிள்ளைகள் எல்லோரும் பிரகாசமான இடத்தைத்தான் கைகாட்டுவார்கள், அங்கேதான் அணுக்கள் கூடியிருக்கின்றன என்று. அந்த ஒளி எலெக்ட்ரான்கள் எங்கே பலமாக மோதுகின்றன என்பதைத்தான் சொல்லும். இருட்டிலும் அணுக்கள் கூட்டமாக இருக்கலாம். அதனால் நாங்கள் குழாயின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் செம்பு விளக்கு ஒன்றின் ஒளியைச் செலுத்துவோம். செம்பு அணுக்கள் அந்த ஒளியை மட்டும் விழுங்கும். உள்ளே போன ஒளியில் எவ்வளவு குறைந்து வெளியே வந்தது என்று பார்த்தால், வழியில் எத்தனை அணுக்கள் இருந்தன என்று கணக்கிட்டுவிடலாம். குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி இடம் இடமாக அளந்தால் முழுப் படமும் கிடைக்கும்.

எங்களுக்குக் கிடைத்த படம் அழகாக இருந்தது. தகட்டை ஒட்டிய இடத்தில் அணுக்கள் மிக நெருக்கமாக இருந்து, தள்ளிப்போகப் போக ஒரே சீராகக் குறைந்துகொண்டே வந்தன. மற்றவர்கள் எழுதிய கட்டுரைகளில் இப்படி இல்லை. தகட்டிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் உச்சம் வரும் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். எங்கள் குழாயின் அழுத்தத்தில் வேறு மாதிரி நடக்கிறது என்று நாங்கள் விளக்கம் எழுதினோம். அந்த வித்தியாசத்தைத்தான் எங்கள் கண்டுபிடிப்பு என்று சொன்னோம். ஒரு பத்திரிகை அதை ஏற்றுக்கொண்டது. துறையில் எல்லோருக்கும் உளுந்த வடையும் காப்பியும் வந்தன. முதல்வர் எங்கள் அறைக்கே வந்து, "எல்லாரையும் கூப்பிட்டு ஒரு செமினார் வைங்க, பிள்ளைக கேக்கட்டும்" என்றார்.

செமினாருக்கு முந்தைய வாரம். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மலை வெளிறிப்போய்த் தெரிந்தது. செமினாரில் காட்டுவதற்குக் குழாயை ஒளிரவிட்டு ஒரு வீடியோ எடுக்கலாம் என்று மேடம் சொல்லியிருந்தார். நான் செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் குனிந்து குழாயின் அருகே முகத்தை வைத்து, "அந்தப் பச்சை தெரியுதா உனக்கு?" என்று கேட்டார்.

தகடு சூடாகாமல் இருக்க அதன் பின்னால் ஒரு ரப்பர் குழாயில் தண்ணீர் ஓடும். அந்த ரப்பர் குழாய் கழன்றது. குளிர்ந்த தண்ணீர் சூடேறியிருந்த கண்ணாடியின் மேல் பீறிட்டு அடித்தது.

பெரிய சத்தம் கேட்டது என்று மேல் மாடியில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தவர் பிற்பாடு சொன்னார். எனக்கு அந்தச் சத்தம் ஞாபகத்தில் இல்லை. ஒளி இருந்த இடத்தில் ஒன்றும் இல்லாமல் போனதுதான் ஞாபகம். ஏறக்குறைய வெற்றிடமாக இருந்த குழாய் உள்பக்கமாக நொறுங்கி, நொறுங்கிய வேகத்தில் எல்லாத் திசையிலும் சிதறியிருக்கிறது. மேஜையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து சாண் தூரத்தில் உயர் மின்னழுத்தக் கம்பி. என் கை தானாகப் போய் மின்சாரத்தை அணைக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தியது. அழுத்தும்போதுதான் பார்த்தேன், முன்கையிலிருந்து ரத்தம் விரல் வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. வலி தெரியவில்லை.

மேடம் குனிந்த இடத்திலேயே நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. அதற்குக் கீழே கன்னத்தில் ஒரு சில்லு குத்தி நின்றது.

"ஏமீ லேது," என்றார். ஒன்றுமில்லை என்று அர்த்தம். கல்லூரியில் அவர் தெலுங்கில் பேசி நான் கேட்டதே இல்லை. "ஏமீ லேது, ஏமீ லேது" என்று சொல்லிக்கொண்டே சில்லைத் தொடப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் எனக்கு முன்கையில் தையல் போட்டார்கள். மேடத்தின் கன்னத்திலிருந்து சில்லை எடுத்த டாக்டர் அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மட்டும் இல்லன்னா கண்ணு போயிருக்கும்மா" என்றார். மேடம் தலையாட்டினார்.

கணவர் ஆலையிலிருந்து நேரே வந்துவிட்டார். தலைமுடியில் பஞ்சுத் தூசி அப்படியே இருந்தது. என் சேலையைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எம்புட்டு ரத்தம்," என்றார்.

"பாதி மேடத்தோடது."

"அவியளுக்கு என்ன?"

"கன்னத்துல தையல். கண்ணு தப்பிச்சுட்டு."

அவர் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் நல்ல கையைப் பிடித்துக்கொண்டார். "இனிமே அந்த ரூமுக்குப் போக வேண்டாம், கேட்டியா?" என்றார். நான் சரி என்றுதான் சொன்னேன். அந்த நிமிடம் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் போக வேண்டியிருந்தது. உடைந்த கண்ணாடியை அப்படியே விட்டுவைக்க முடியாது. பெருக்க வரும் அக்காவை அதில் கைவைக்க விடுவதற்கும் மனம் வரவில்லை. தையல் பிரிப்பதற்கு முன்பே ஒரு நாள் மத்தியானம் தடித்த கையுறை போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் பொறுக்க ஆரம்பித்தேன்.

குழாயின் இரண்டு பக்கமும் அளவெடுக்கும் ஒளி போய் வருவதற்காக நீளவாட்டில் தட்டையான கண்ணாடிப் பட்டை வைத்திருந்தோம். அதைத்தான் ஜன்னல் என்போம். வெளி வெளிச்சம் உள்ளே போகக்கூடாது என்று அதன் மேல் கறுப்புத் தாளை ஒட்டி, நடுவில் மெல்லிய கோடு மட்டும் விட்டிருந்தோம். அந்தப் பட்டைகளில் ஒன்று பெரும்பகுதி உடையாமல் மேஜைக்குக் கீழே கிடந்தது. தாள் தண்ணீரில் ஊறி உரிந்துபோயிருந்தது. எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தேன்.

கண்ணாடியின் உள்பக்கம் முழுவதும் செம்பு படிந்திருந்தது. தகடு இருந்த முனையில் கடுங்காப்பி நிறம். அங்கிருந்து தள்ளிப்போகப் போக வெளுத்துக்கொண்டே வந்து, மறுமுனையில் சுத்தமான கண்ணாடி.

செம்பு படியும் என்பது தெரிந்த விஷயம்தான். அதற்காக அவ்வப்போது அமிலம் விட்டுக் கழுவியும் இருக்கிறோம். கழுவியதற்கு அடுத்த வாரங்களிலேயே இவ்வளவு படியும் என்று தெரியாது. அந்த நிறம் வெளுத்துக்கொண்டு போகும் விதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பிறகு புரிந்தது. கட்டுரையில் நாங்கள் போட்டிருந்த கோடு அதேதான். தகட்டருகே உச்சம், அப்புறம் ஒரே சீரான சரிவு.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சுற்றிலும் சில்லு கிடப்பதுகூட நினைவில் இல்லை.

ஒளி எவ்வளவு குறைந்தது என்று சொல்ல வேண்டுமானால், பிளாஸ்மா இல்லாதபோது எவ்வளவு வந்தது என்பது தெரிய வேண்டும். அதை ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாக அளந்திருக்க வேண்டும். நாங்கள் காலையில் ஒரே ஒரு தடவை, தகட்டிலிருந்து தள்ளி, கண்ணாடி சுத்தமாக இருந்த இடத்தில் அளந்துவிட்டு அதையே எல்லா இடத்துக்கும் வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு இடத்துக்கும் பிளாஸ்மாவை அணைத்து மறுபடி போட்டால் அது நிலைக்கு வருவதற்குள் பொழுது போய்விடும் என்பதால் அந்த ஏற்பாடு. ஆகவே கண்ணாடியில் ஒட்டியிருந்த செம்பு குறைத்த ஒளியையும் உள்ளே மிதக்கும் அணுக்கள் குறைத்ததாகவே எண்ணியிருக்கிறோம். தகட்டருகே உயர்ந்து நின்ற எங்கள் உச்சம், எங்கள் கண்டுபிடிப்பு, ஜன்னலில் படிந்த அழுக்கு.

பட்டையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மேடம் வீட்டுக்குப் போனேன். கன்னத்தில் பிளாஸ்திரியோடு சோபாவில் உட்கார்ந்து செமினார் படங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"கை ஆறுறதுக்குள்ள எதுக்கு அலையுத?" என்றார்.

துண்டைப் பிரித்துக் கண்ணாடியைக் கொடுத்தேன். "மேடம், ஜன்னல்… நாம ஒரே எடத்துலதான ரெஃபரன்ஸ் எடுத்தோம்" என்று ஆரம்பித்து, பாதியிலேயே நின்றுவிட்டேன். அவருக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. எழுந்து வாசல் வெளிச்சத்துக்குப் போனார். கண்ணாடியை உயர்த்திப் பிடித்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். ஒருமுறை பார்த்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் முகத்தில் நிறமே இல்லை. குழாய் வெடித்த அன்றுகூட அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

"நாம அணுவப் பாக்கல," என்றார். "கண்ணாடியப் பாத்திருக்கோம்."

"ஆமா மேடம்."

"இந்த முறைய உனக்குச் சொல்லிக்குடுத்தது யாரு?"

நான் துண்டை மடிக்க ஆரம்பித்தேன்.

"எனக்கு என் கைடு சொல்லிக்குடுத்தாரு. என் தீசிஸ் முழுக்க இப்படித்தான் எடுத்தேன். செம்புக்குப் பதிலா வெள்ளி. அம்புட்டுத்தான் வித்தியாசம்."

இதை நான் யோசித்திருக்கவே இல்லை. என் கட்டுரை போச்சே என்ற பதற்றத்தில் பஸ்ஸில் வந்தவள், அவருடைய பட்டமே அந்தக் கண்ணாடியில் இருக்கிறது என்று அப்போதுதான் உணர்ந்தேன். உள்ளே குக்கர் விசில் அடித்தது. அவர் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"கட்டுரைய வாபஸ் வாங்கிரு," என்றார்.

"நீங்க ரிட்டயர் ஆகுற நேரத்துல மேடம்…"

"அதுக்காக?" என்றார். குரல் உயரவில்லை. "இன்னைக்கே மெயில் போடு. ரெண்டு பேர் பேரும் போட்டு எழுது. என்ன தப்புன்னு தெளிவாச் சொல்லிரு."

அவர் வீட்டு மேஜையில் உட்கார்ந்தே எழுதினேன். இடது கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருந்ததால் நேரம் பிடித்தது. அனுப்பும் பொத்தானை அவர்தான் அழுத்தினார்.

செமினாரை ரத்து செய்துவிடுவார் என்று நினைத்தேன். செய்யவில்லை. முதல்வர், மற்றத் துறைக்காரர்கள், பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்திருந்த கூடத்தில் முதலில் எங்கள் பழைய படத்தைத் திரையில் காட்டினார். கைதட்டல் எழுந்தது. அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, "இது தப்பு" என்றார். கண்ணாடிப் பட்டையை எடுத்து விளக்கொளிக்கு முன்னால் பிடித்து, எப்படித் தப்பானது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தன்னுடைய ஆய்வேட்டைப் பற்றியும் சொன்னார். முதல் வரிசையில் இருந்த முதல்வர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு மாணவி எழுந்து, "அப்ப சரியான படம் எப்படி இருக்கும் மேடம்?" என்று கேட்டாள். "தெரியாதும்மா" என்று சொல்லி மேடம் உட்கார்ந்தார்.

அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "அப்ப இத்தன வருசம் பண்ணது?" என்று கேட்டார். கேட்டதுமே, கேட்டிருக்க வேண்டாமோ என்று நினைத்தவர்போல் எழுந்து போய்த் தோசை ஊற்ற ஆரம்பித்தார். அந்த அறைக்குப் போக வேண்டாம் என்ற பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவே இல்லை. புதுக் குழாய் செய்யக் கண்ணாடி வேலை தெரிந்தவரைத் தேடி மதுரைக்குப் போனபோது அவரும் லீவு போட்டுவிட்டு வந்தார்.

புதுக் குழாய் வருவதற்குள் மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். இம்முறை குழாயைச் சுற்றித் தடித்த பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தடுப்பு போட்டேன். தண்ணீர் நின்றாலோ கசிந்தாலோ மின்சாரம் தானாக நின்றுவிடும்படி செய்தேன். முதல் நாள் பொத்தானை அழுத்தும்போது கண்ணை மூடிக்கொண்டேன். ஒவ்வொரு இடத்திலும் பிளாஸ்மாவை அணைத்து ஒரு தடவை, போட்டு ஒரு தடவை என்று அளந்தேன். ஒரு படம் முடிக்க ஒரு வாரம் ஆனது.

படம் முடிந்தபோது நம்பமுடியவில்லை. தகட்டை ஒட்டிய இடத்தில், நாங்கள் உச்சம் என்று எழுதிய அதே இடத்தில், அணுக்கள் குறைவாக இருந்தன. கொஞ்சம் தள்ளி, அந்த இருட்டுப் பட்டைக்குள்ளேயே கோடு ஏறி, அங்கே உச்சம் தொட்டு, பிறகு இறங்கியது. மறுபடி அளந்தேன். அப்படியேதான் வந்தது. அதைவிட அதிர்ச்சி, கணக்குப் போட்டபோது வந்தது. தகட்டிலிருந்து பெயர்ந்து வந்த செம்பு அணுக்களில் பெரும்பகுதி அதிகத் தூரம் போவதே இல்லை. ஆர்கான் அணுக்களோடு மோதி மோதி வேகம் செத்து, கிளம்பிய தகட்டிலேயே திரும்பப் போய் ஒட்டிக்கொள்கின்றன. தப்பித்து வெளியே போவது கொஞ்சம்தான். மற்றவர்கள் இதையும் எழுதியிருந்தார்கள், நானும் படித்திருந்தேன். ஆனாலும் என் கையால் அளந்து பார்த்தபோது, கண் முன்னால் அசையாமல் ஒளிரும் குழாய்க்குள் இப்படி ஓர் அலைமோதல் நடந்துகொண்டே இருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ள நேரம் பிடித்தது.

மேடத்துக்குப் போன் செய்தேன். மறுநாள் காலை ஆட்டோவில் வந்து இறங்கினார். கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தார். உள்ளே கறுத்துப்போன ஒரு வெள்ளித் தகடு. அவருடைய ஆய்வுக்குப் பயன்படுத்தியது.

"இதையும் போட்டுப் பாத்துருவோம்," என்றார்.

"மேடம், அவசியமா?"

"எனக்குத் தெரியணும்."

செம்பு விளக்குக்குப் பதில் அவருடைய பழைய வெள்ளி விளக்கை மாட்டினோம். அந்த வாரம் தினமும் வந்தார். நான் வகுப்புக்குப் போகும் நேரத்தில் அவரே உட்கார்ந்து அளந்தார். கடைசி நாள், வந்த புள்ளிகளை அவருடைய பழைய ஆய்வேட்டில் இருந்த கோட்டின் மேல் வைத்துத் திரையில் காட்டினேன். தகட்டருகே இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் பிரிந்து நின்றன. பழையது வானத்தில், புதியது தரையில். பாதித் தூரத்துக்கு மேல், கண்ணாடியில் படிவு இல்லாத பகுதியில், புதிய புள்ளிகள் பழைய கோட்டின் மேலேயே வந்து உட்கார்ந்திருந்தன.

மேடம் திரைக்கு மிக அருகே போய்ப் பார்த்தார். விரலை அந்தப் புள்ளிகளின் மேல் வைத்து மெதுவாக ஓட்டினார்.

"இந்தப் பக்கம் சரியா வந்திருக்கே," என்றார். அவரால் நம்பமுடியவில்லை என்பது குரலில் தெரிந்தது. "மொத்தமும் போச்சுன்னுல்ல நெனச்சேன்."

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அழுகிறார் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது. நான் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்றேன்.

ஜன்னலில் படிவதை அணுக்கள் என்று எண்ணிவிடும் இந்தத் தப்பைப் பற்றியே இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சிறிய கட்டுரை எழுதினோம். முதல் கட்டுரையை எடுத்துக்கொண்ட அதே பத்திரிகைக்குத்தான் அனுப்பினோம். திருத்தங்கள் கேட்டுவிட்டு ஏற்றுக்கொண்டார்கள். மேடத்தின் வெள்ளிப் படமும் அதில் இருக்கிறது, பழைய கோடும் புதிய புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக. என் ஆய்வேடு நினைத்ததைவிடத் தாமதமாக முடிந்தது. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மற்ற அத்தியாயங்களைப் புரட்டிவிட்டு அதில் சேர்த்திருந்த அந்த வெள்ளிப் படத்தில்தான் நின்றார். "இத வெளியில சொல்லணும்னு யாரு முடிவு பண்ணது?" என்று கேட்டார். பின்வரிசையில் மேடம் உட்கார்ந்திருந்தார். நான் திரும்பி அவரைக் காட்டினேன்.